அப்பா விழுந்த இடத்தில் ஒரு சுவர்

எனக்கு எட்டு வயதானபோது அப்பா இறந்தார். எங்கள் பூண்டுத் தோட்டத்தின் கீழ்க்கோடியில், மலை சட்டென்று இறங்கிவிடும் இடத்தில், ஈரத்தில் கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சித்தப்பா சொன்னார். எங்கள் ஊரான பள்ளங்கியில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அத்தனை பேரும் வார்த்தை மாறாமல் சொன்னதால் நானும் நம்பினேன்.

அப்பா சில மாதங்கள் நன்றாக இருப்பார். விடியுமுன் எழுந்து பாட்டுப் பாடிக்கொண்டே பாத்தி கட்டுவார். பிறகு வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். அம்மா ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். பழனிக்குக் கூட்டிப்போய் முடி இறக்கினார்கள். கொடைக்கானலில் டாக்டர் ஒருவர் சத்து மருந்து கொடுத்தார். எனக்கு அது காய்ச்சல் மாதிரி ஒன்று, வரும், போகும்.

காரியம் முடிந்த பிறகு என் மனதில் ஒரே யோசனைதான். அந்த இடம் அப்படியே திறந்து கிடக்கிறது. நாளைக்கு வேறு யாராவது வழுக்கினால்? பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்தில் பொறுக்கிக் குவித்திருந்த கற்களைச் சுமந்துபோய், விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளி அடுக்கத் தொடங்கினேன். மறுநாள் போனால் பாதி சரிந்து கிடக்கும். மறுபடியும் அடுக்குவேன்.

ஒருநாள் சித்தப்பா பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் உனக்கு எதுக்குத்தா? போய்ப் படிக்கிற சோலியப் பாரு."

"வேற யாரும் வழுக்கி விழுந்துறக் கூடாதுல்ல சித்தப்பா."

அவர் போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்பா போனதிலிருந்து அந்தப் பக்கமே வராத அம்மா, மறுநாள் கடப்பாரையோடு வந்தாள். என்னை இழுத்துப்போகத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் ஒரு கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் நான் அடுக்கியிருந்ததைக் காலால் தள்ளினாள்.

"அடியில பெரிய கல்லு போடணும். இல்லாட்டி நிக்காது."

அன்றிலிருந்து இருவருமாகக் கட்டினோம். அவள் பெரிய கற்களைப் புரட்டி வைப்பாள். நான் சந்துகளில் சில்லு செருகுவேன். சுவர் என் நெஞ்சு உயரம் வந்த ஒரு மாலையில் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"உங்கப்பா வழுக்கி விழுகல. அவராத்தான் போய்ட்டாரு. அடுத்தவுங்க வாயிலருந்து நீ கேக்கக் கூடாது. அதான் சொல்றேன்."

எனக்கு முதலில் வந்த கேள்வி ஒன்றுதான்.

"நான் சிலேட்ட ஒடச்சதுக்காம்மா?"

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். அவள் கையெல்லாம் மண்.

"இல்ல. அவருக்கு மனசுல சீக்கு. ஒடம்புல வருதுல்ல, அது மாதிரி. நம்ம மேல பாசம் இல்லாமப் போகல. உன்னால இல்ல. என்னாலயும் இல்ல."

கடைசிச் சொற்களை அவள் மெதுவாக, தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் அழுதேன். சித்தப்பா மேல் கோபம் வந்தது, ஊர் மேல் வந்தது, அப்பா மேலும் வந்தது. அழுது ஓய்ந்த பிறகு, "அப்ப இந்தச் சுவரு வேணாமா?" என்று கேட்டேன்.

அம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வேணும். கல்ல எடு."

தன் கழுத்து உயரத்துக்கு வந்த பிறகே அவள் நிறுத்தினாள். "ஆடு மாடு தாண்டாம இருக்க இம்புட்டு ஒசரம் எதுக்கு மதினி?" என்று சித்தப்பா கேட்டபோது அவள் மேல்கல்லை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பருவத்தில் சுவர் ஓரம் வரைக்கும் பூண்டு ஊன்றினோம். நன்றாகவே விளைந்தது.

ஊரார் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று அம்மாவும் என்னைப் போலவே நினைக்கிறாள் என்றுதான் அப்போது எண்ணிக்கொண்டேன். நான் பள்ளிக்கூடம் போன பிறகு அந்தத் தோட்டத்தில் நாள் முழுவதும் தனியாக நின்றவள் அவள் ஒருத்திதான். தானும் அப்பாவைப் போலப் போய்விடுவோமோ என்று அவள் பயந்தது தன்னை நினைத்துத்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.