ஏசா குடித்த கூழ்

தொப்பூரில் அக்காவும் நானும் பேருந்துக்கு நின்ற கடையில் அடித்த கேழ்வரகுக் கூழின் புளித்த வாசனை, சாலையை அகலப்படுத்த இடித்துவிட்ட எங்கள் சிறுவயது ஓட்டுக்கூரை மாதா கோயிலுக்குள் என்னை இழுத்துப்போனது. கணவாயில் இறங்கும் லாரிகளின் இரைச்சலை மீறிக் கேட்கும்படி அங்கே பூசை மணியை ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. ஞாயிறுக்கு ஒரு வீட்டின் முறை; அந்த வீட்டு மூத்த பிள்ளைக்குத்தான் மணிக்கயிறு. விவிலியத்தில் ஏசா பசியில் தம்பியிடம் கூழுக்குத் தலைமகன் உரிமையை விற்ற கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது, அது எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் கூழேதான் என்று நம்பினேன். எங்கள் முறை வந்த ஞாயிறு, தூக்குச்சட்டி நிறையக் கூழோடு கோயிலுக்கு ஓடினேன்.

விடியலிலிருந்து பூப்பறித்துவிட்டுப் பசியோடு வந்தாள் அக்கா.

"கூழு உனக்கு, கயிறு எனக்கு."

"போடி திருடி," என்றபடியே மொத்தத்தையும் குடித்தாள்.

கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கியது. வயிறு கூச, ஓடுகள் அதிர, கத்திக்கொண்டே அடித்தேன், இறங்கினேன், மறுபடி பறந்தேன்.

விஷயம் தெரிந்த அம்மா கோயில் வாசலில் நின்றாள். "கூடப் பொறந்தவ பசிக்குக் கூழு ஊத்த வெல கேப்பியாடி?"

கயிறு கையைவிட்டு நழுவியது.

இப்போது தொப்பூர்க் கடையில் ஒரு சொம்புக் கூழ்தான் மீதியிருந்தது. வாங்கி அக்காவிடம் நீட்டினேன்.

"இப்ப என்னடி வேணும்?"

"ஒண்ணும் வேணாம், குடிக்கா."

பாதி குடித்துவிட்டு, மீதியை என் கையில் வைத்தாள்.