அஞ்சு பூனையும் ஒரு செம்பு தண்ணியும்

எதிர்வீட்டு அண்ணனுக்குத் திருப்பரங்குன்றத்தில் பாத்திரக்கடை. காலையில் வண்டியை எடுக்கும்போது பூனை குறுக்கே போனால், வீட்டுக்குள் திரும்பி ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்.

நான் வளர்ப்பது ஐந்து பூனைகள். சேர்ந்து போகிற பழக்கம் அதுகளுக்குக் கிடையாது.

நேற்று வாசலுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, அஞ்சையும் ஒரே தடவையா குறுக்க விடக்கூடாதா? இம்புட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு கடைக்குப் போற வழியில நான் எங்கிட்டு வண்டிய நிறுத்துறது?"

நியாயம்தான். இன்று அவர் கிளம்பும் நேரத்துக்கு ஐந்தையும் அடுப்படியில் விட்டு, மத்தி மீனை வைத்துக் கதவைச் சாத்தினேன். எனக்குப் பழைய சோறும் ஊறுகாயும்.

தெருவில் ஒரு பூனைகூட இல்லை. அண்ணன் கொஞ்சதூரம் போனார், நிறுத்தினார், திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

"என்னண்ணே, இன்னைக்குத்தான் ஒண்ணுமே குறுக்க வரலையே?"

"அதான் தங்கச்சி வந்தேன். ஒண்ணையும் காணோமே, பிள்ளைகளுக்கு மேலுக்குச் சுகமில்லையா?"

எனக்கு மனசு இளகிவிட்டது. காட்டலாமென்று அவரை உள்ளே கூப்பிட்டு அடுப்படிக் கதவைத் திறந்தேன்.

ஐந்தும் ஒரே தடவையில், அவர் காலுக்குக் குறுக்கே.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தண்ணி கொண்டா."

வீட்டுக்குள்ளே குறுக்கே போனதும் கணக்கில் வருமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், அண்ணன் இன்னும் கிளம்பவில்லை.