வெட்டுகிற கத்தி, வெட்டாத கத்தி

என் மனைவிக்குத் திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இருந்தாக வேண்டும். அதனால் அவள் கிளம்பும்போது கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் தொடங்கி, காலைச் சமையல் முழுக்க என் பொறுப்பு. எட்டேகாலுக்குப் பள்ளி வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் சாம்பார், பொரியல், டிபன் பாக்ஸ் எல்லாம் முடிய வேண்டும். இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தினமும் அடுப்படிக்கு வந்து நிற்பாள்.

"நைனா, நானும் அரியறேன்."

"வேணாம்."

"ஒரே ஒரு வெண்டிக்கா."

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் உள்ளே நட்சத்திரம் தெரியும் என்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து இந்தத் தொல்லை. நானும் சளைக்காமல் வேணாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தாளித்துவிட்டுத் திரும்பினால், என் பெரிய கத்தியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, வெங்காயத்தை மடியில் வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் கத்தியைப் போட்டுவிட்டு அழுதாள். கத்தி அவள் பாதத்துக்கு நான்கு விரல் தள்ளி விழுந்தது. கத்தியைவிட என் கூச்சல்தான் ஆபத்தாகிவிட்டது என்று அப்புறம் உறைத்தது. இவளுக்கென்று ஒரு கத்தி வாங்காமல் தீராது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் போனில் ஆர்டர் போட்டேன். "குழந்தைகளுக்கு முற்றிலும் பாதுகாப்பானது" என்ற வாக்குறுதியுடன் பச்சை பிளாஸ்டிக்கில் கிளி மாதிரி ஒன்று வந்தது. பாதுகாப்பு உண்மைதான், அதனால் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. வாழைப்பழத்தை நசுக்கியது. கேரட்டின் மேல் வைத்து அவள் மூச்சைப் பிடித்து அழுத்தியதும் கேரட் வழுக்கி பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அதைத் துடைப்பக்கட்டையால் தள்ளி எடுப்பதற்குள் வேன் வந்துவிட்டது.

"இது கத்தி இல்ல நைனா, சீப்பு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போனேன். முதல் பாத்திரக் கடையில் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழந்தைக்குக் கத்தியா? இன்னா சார், படிச்சவராட்டம் இருக்கிறீங்க."

அடுத்த கடையில் ரிப்பன் கட்டிய கேக் கத்தியைக் காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து விற்கிறவர் மடக்குக் கத்தி ஒன்றைப் பளிச்சென்று விரித்து, "கோழியே அறுக்கலாம் சார்" என்றார். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்று சொல்லியும் அதே கத்தியைத்தான் நீட்டினார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் அக்காவின் போன். விழுப்புரத்தில் இருக்கிறாள். என் மனைவி அவளிடம் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள் போல.

"ஏண்டா, பொட்டப் புள்ளைய இப்பவே அடுப்படியில தள்ளுறியா?"

"நான் எங்கக்கா தள்றேன்? அவதான் வந்து நிக்கிறா."

இதற்கு நேர் எதிராக, பக்கத்து வீட்டு அண்ணி, "நல்லதுதான் தம்பி, நாளைக்குப் போற எடத்துல பேர் வாங்கணுமில்ல" என்றார். இரண்டில் எது அதிக எரிச்சல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிள்ளை கேட்டது ஒரு கத்தி. அதை வாங்குவதற்குள் அவள் கல்யாணம் வரைக்கும் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிதான் கேட்டாள்: "கத்தி யாருக்கு? அவள ஏன் கூட்டிட்டுப் போகல?"

எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று பேரும் போனோம். கோயில் தெருவில் ஒரு சின்னப் பாத்திரக் கடை. அதை நடத்துகிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் எங்களிடம் பேசவே இல்லை. மகளின் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, கத்திகளை ஒவ்வொன்றாக அவளிடம் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றின் பிடி தடிமன், இன்னொன்று கனம். கடைசியில் குட்டையாக, முனை உருண்டு, வெட்டும் வாயில் பல் பல்லாக இருந்த தக்காளிக் கத்தி ஒன்று அவள் கைக்குள் அடங்கியது.

"இது வெட்டுமே" என்றேன்.

"வெட்டணும் சார். மொனைதான் மழுங்கலா இருக்கணும், வாய் மழுங்கக் கூடாது. வெட்டலன்னா புள்ள அழுத்தும். அழுத்துனா வழுக்கும். அப்பதான் கையில ஏறும்."

பிரிட்ஜுக்கு அடியில் போன கேரட் ஞாபகம் வந்தது. காசை எடுத்து நீட்டினேன்.

வீட்டில் சட்டம் போட்டேன்: பலகை நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. வெள்ளரிக்காயை நானே இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுப்பேன். பிடிக்கிற கையில் விரல்களை உள்ளே மடக்க வேண்டும். நான் பக்கத்தில் இல்லாமல் மேல் தட்டிலிருந்து கத்தி கீழே வராது. இவ்வளவு சட்டத்தையும் அவள் ஏற்றுக்கொண்டாள். நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான்: ஒரு வெள்ளரிக்காய்க்கு இருபது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவள் ஒவ்வொரு துண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள்.

மூன்றாவது வாரம் விரலில் லேசாகக் கீறிக்கொண்டாள். நான் கத்த வாய் திறப்பதற்குள் அவளே குழாயடிக்குப் போய் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கத்தாத நைனா. நான்தான் வெரல மடக்கல."

பிளாஸ்டர் ஒட்டினேன். கத்தியைக் கழுவி மேல் தட்டில் வைக்கக் கை தூக்கினேன். அவள் என் கையையே பார்த்தாள். பெரிய கத்தி என் விரலில் எத்தனை தடவை ஏறியிருக்கிறது, யாராவது அதைப் பிடுங்கி வைத்தார்களா என்று நினைத்துக்கொண்டேன். இறக்கி அவள் முன்னால் வைத்தேன்.

அன்றைக்கு பீன்ஸ். ஒரு துண்டு கடுகளவு, ஒரு துண்டு கட்டைவிரல் நீளம். மத்தியானம் திண்டிவனத்திலிருந்து மனைவி போன் செய்தாள்.

"பொரியல்ல பாதி கொழகொழன்னு இருக்குது, பாதி வேகவே இல்ல. நீ பாத்து வெக்க மாட்டியா?"

நான் அரியவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "நாளைக்குப் பாக்குறேன்" என்று வைத்துவிட்டேன்.