கேட்டால்தான் அவுட்

பேஸ்போல் ஆட்டம். முதலாம் பேஸுக்குப் பக்கத்தில் நான், அம்பயர். கோட்டுக்கு வெளியே மடக்குக் கதிரையில் என் மனைவி. ஸ்கோர் தாளும் பென்சிலும் அவளிடம். நடுவில் பந்து எறிந்தவள் மன்னார்த் தங்கச்சி, வேலையிடத்தில் மனைவியோடு ஒரே மேசையில் பெட்டி ஒட்டுகிறவள். முதலாம் பேஸில் எங்கள் லோடிங் பகுதி ஹெய்ட்டிக்காரர். அடிக்க நின்றவன் பக்கத்து வெயர்ஹவுஸ் லொறிக்காரன். மற்றவர்களைச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் வந்து குடியேறிய புவாண்ட்-கிளேரில் எங்கள் வெயர்ஹவுஸுக்கும் பக்கத்து வெயர்ஹவுஸுக்கும் வருடத்தில் ஒரு சனிக்கிழமை பேஸ்போல் நடக்கும். நான் யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் இருபது வருடம் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்றவன். அதனால் கூப்பிட்டார்கள். சட்டங்களை அரை மணித்தியாலத்தில் படித்தேன்.

ஏழு சுற்று. சுற்றுக்கு மூன்று பேரை அவுட்டாக்க வேண்டும். அடித்தவர் ஓடித் தொடுகிற பேஸுக்கு ஒருவரையும் விடாமல் இருபத்தொரு பேரையும் அனுப்பினால், எறிகிறவருக்கு அதற்கு மேல் பெருமை இல்லை. தங்கச்சி சின்ன வயதில் இங்கே வந்து, பள்ளிக்கூடத்தில் எறியப் பழகியவள். அப்படி ஓர் ஆட்டம் அவளுக்கு ஒருநாளும் அமையவில்லை. அடுத்த கிழமை முழங்காலில் ஒபரேஷன். இனி எறிய ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருபது பேர் போய்விட்டார்கள். அதுவரை எனக்கு வேலை இல்லை. அவுட்டானவர்கள் தாங்களாகவே திரும்பி நடந்தார்கள்.

லொறிக்காரன் உருட்டி அடித்தான். பந்து ஹெய்ட்டிக்காரரின் கையுறைக்குள் வந்துவிட்டது. அவர் கால் பேஸில் இருந்தது. லொறிக்காரனின் கால் பிறகுதான் பட்டது. பந்து முந்தினால் அவுட். நன்றாகக் கண்டேன்.

கிரிக்கெட்டில் கேட்டால்தான் அவுட் கொடுப்பது. கேட்காவிட்டால் அம்பயர் வாய் திறக்கமாட்டார். யாராவது கேட்கட்டும் என்று நின்றேன். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். கை கீழேதான் இருந்தது; லொறிக்காரன் பேஸில் நின்றுவிட்டான். ஹெய்ட்டிக்காரர் ஏதோ சொல்லப் போனார். தங்கச்சி அவரை மறித்து, கையை நீட்டிப் பந்தை வாங்கினாள். கிரிக்கெட்டில் அடுத்த பந்து எறியும்வரை கேட்கலாம். அவள் கேட்கவில்லை. எறிந்தாள். அடுத்து வந்தவன் மட்டையை மூன்று முறை வீசினான், ஒன்றும் படவில்லை. வென்றோம்.

"ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?" என்றாள் மனைவி.

"ஒருத்தரும் கேக்கேல்லையே."

"வீட்டிலயும் இதுதான். சோறு காணுமோ, இன்னும் போடவோ எண்டு நான் கேட்டாத்தான் காணாது எண்டு வாயில வரும்." பிறகு சொன்னாள்: "அமெரிக்காவிலயும் ஒரு அம்பயர் கடைசி ஆளில இப்பிடித்தான் பிழை விட்டவராம். ஹெய்ட்டிக்காரர் சொன்னவர். அந்தாள் தன்ரை பிழை எண்டு தானே ஒத்துக்கொண்டதாம்."

தங்கச்சி முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தாள். போனேன்.

"தங்கச்சி, அது அவுட்."

"தெரியும் அண்ணை."

"ஏன் கேக்கேல்லை?"

"இதில கேக்கிறேல்லை. அம்பயர் சொன்னாச் சரி."

"நான் சொல்லேல்லையே."

"அதைத்தானே எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

பென்சில்தானே, அழித்து லொறிக்காரனை அவுட்டாக மாற்று என்று மனைவியிடம் சொன்னேன். தங்கச்சி விடவில்லை.

"அதுக்குப் பேந்தும் ஒருத்தனுக்கு எறிஞ்சனான் அண்ணை. கால் நோவோட எறிஞ்சனான். அவனை எங்கை கொண்டுபோய் விடுறது?"

அவள் இப்போது எறிவதில்லை. ஸ்கோர் தாள் எங்கள் வெயர்ஹவுஸ் சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கிறது. தேத்தண்ணி எடுக்கப் போகும்போது அவளுக்கு அடிக்க வந்தவர்களை எண்ணுவேன்.

இருபத்திரண்டு.