குப்பையிலிருந்து திரும்பி வந்த நாற்பது பெட்டி

நேற்று உங்கள் வீட்டு அடுப்பில் வதங்கிய தக்காளி, அதற்கு முந்தைய நாள் குப்பையில் கிடந்ததில்லை என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. உங்களுக்கு விற்றவனாலும் முடியாது. சொல்லக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். அவளை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள்.

தரகு மண்டியில் அவளுக்குப் பெயர் மூக்கம்மா. பத்தொன்பது வருடமாகத் தக்காளி பிரித்தவள். பெட்டியைக் கொட்ட வேண்டாம், குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், அடியில் இரண்டு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கொட்டிப் பார்த்தால் இரண்டு இருக்கும். மூன்று இருந்துவிட்டால் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

அந்த மூக்கை நம்பி ஒரு வழக்கமே உண்டாகியிருந்தது. தள்ளுவண்டிக்காரர்களுக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும் பெட்டியைக் கொட்டிப் பார்க்க நேரமும் கிடையாது, முதலாளி விடவும் மாட்டார். அவர்கள் நேராக அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தலையாட்டினால் பெட்டி தோளுக்கு ஏறும். உதட்டைப் பிதுக்கினால் அடுத்த பெட்டி. முதலாளிக்கும் இதில் வருத்தமில்லை. அந்த வரிசையிலேயே அவர் மண்டிச் சரக்குதான் முதலில் காலியாகும்.

வீடு மாடியில், ஒன்றரை அறை. கணவர் வெள்ளையடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு கட்டிலோடு இருக்கிறார். மகள் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். மூக்கம்மா செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் உள்ளே வருவாள். அப்படியும் அழுகல் வாடை விடாது. "எங்கிட்ட இன்னும் பெயின்ட் நாத்தம், உங்கிட்ட தக்காளி நாத்தம், நல்ல பொருத்தம் பாத்துதான் கட்டிவெச்சிருக்காங்க" என்பார் கணவர்.

போன பருவத்தில் விலை ஏறியது என்று இந்தப் பருவத்தில் எல்லாத் தோட்டத்திலும் தக்காளியே நட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளியது. பெட்டி விலை லாரி வாடகைக்குக்கூடக் காணவில்லை. விளைவித்தவர்கள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். தெருவில் மட்டும் விலை முனகிக்கொண்டு கொஞ்சம் இறங்கியது.

தேங்கிய சரக்கை மண்டிக்குப் பின்னால் சிமென்ட் தரையில் கொட்டுவார்கள். கொட்டியதோடு விட்டாலும் பரவாயில்லை, அதன்மேல் பினாயில் ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் இல்லாதவர்கள் வந்து பொறுக்குவார்களாம். பொறுக்கித் தின்கிறவன் காசு கொடுத்து வாங்க மாட்டானாம். இதுதான் முதலாளி கற்ற பொருளாதாரம். ஆயிரம் பேர் வயிற்றுக்குப் போக வேண்டியதை விஷமாக்கிவிட்டு, கை கழுவி, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து உட்காருவார். நன்றாகவே சாப்பிடுவார்.

ஊற்றுவது துப்புரவுக்காரரின் வேலை. மூக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பது அயோக்கியத்தனம்.

பிறகு மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டி, மலைச்சாலை சரிந்து, லாரிகள் நின்றுபோயின. கேட்பாரற்றுக் கிடந்த தக்காளி ஏழு மடங்கு விலைக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் காலை முதலாளி குடையோடு பின்பக்கம் வந்து அந்தக் குவியலைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கனிவு தெரிந்தது. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"மேலாப்புல இருக்கறதத் தள்ளிட்டு, அடியில கெட்டியா இருக்கறதப் பொறுக்கும்மா" என்றார்.

"பினாயில் ஊத்தினதுங்க ஐயா."

"நாலு நாளா மழை கழுவிடுச்சு. இயற்கையே கழுவிக் குடுத்திருக்கு, நமக்கென்ன."

அவள் பொறுக்கினாள். மகளின் படிப்பும் கணவரின் இடுப்பும் கண்முன் நிற்க, மணிக்கட்டு வரை அந்தக் கூழுக்குள் கையை விட்டாள். வெள்ளைப் புழுக்கள் விரலிடுக்கில் ஏறின. தோல் உரிந்து கையோடு வந்தது. இனிப்பான அழுகலும் பினாயிலும் கலந்த நெடி தொண்டைக்குள் இறங்கி, இரண்டு முறை சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். பொறுக்கியதைத் தொட்டியில் போட்டதும் தண்ணீர் பால்போல் வெளுத்தது. பினாயில் தண்ணீரில் அப்படித்தான் வெளுக்கும். நாலு நாள் மழைக்கும் அது போகவில்லை. கழுவித் துடைத்து அடுக்கியபோது நாற்பது பெட்டியும் பளபளவென்று மின்னின.

பதினோரு வருடமாக அவள் முகத்தைப் பார்த்து வாங்கும் தள்ளுவண்டிக்காரர்தான் முதலில் வந்தார். முதலாளி அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"என்னக்கா, தூக்கலாமா?"

பழக்கத்தில் கழுத்து அசையப் பார்த்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் தம்பி. குப்பையில கெடந்தது. பினாயில் ஊத்தினது. நாந்தான் பொறுக்கினேன்."

சுற்றி நின்றவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். முதலாளி சிரித்தார். மழையில் நனைந்து இந்தம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, மூக்கு பழுதாகிவிட்டது என்றார். இரண்டு பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். மூக்கம்மா ஒரு தக்காளியை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

"இத ஒரு கடி கடிங்க ஐயா. கடிச்சிட்டீங்கன்னா நான் சொன்னது பொய்."

அவர் கையை நீட்டவே இல்லை. வெளியே போ என்று மட்டும் சொன்னார்.

தள்ளுவண்டிக்காரர் வெறும் வண்டியோடு போனார். ஆனால் மதியத்துக்குள் நாற்பது பெட்டியும் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டன. காதால் கேட்டவர்களே வாங்கினார்கள். முதலாளி விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாராம், அவ்வளவுதான். குமட்டுகிறதா? எனக்கும்தான்.

அன்று மாலையே அவள் சந்தைக் குழு அலுவலகத்துக்குப் போனாள். யாருக்காவது வாந்தி பேதி வந்ததா என்று கேட்டார் எழுத்தர். வந்தால்தான் கேட்பீர்களா என்றாள் இவள். தனி ஆள் சொன்னால் விசாரிக்க முடியாது, சந்தையில் வாங்குகிறவர்கள் இருபது பேராவது கையெழுத்துப் போட்டு மனு கொடுக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார். இப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து கூலிக்குப் பூண்டு உரிக்கிறாள். மனுவில் மூன்று கையெழுத்து இருக்கிறது. அவளுடையது, கட்டிலில் படுத்தபடி கணவர் போட்டது, தள்ளுவண்டிக்காரருடையது.

விலை ஏறினால் மழையைத் திட்டுகிறோம், இறங்கினால் வெயிலுக்கு நன்றி சொல்கிறோம். மழை பினாயில் பாட்டிலைத் திறப்பதில்லை. உங்கள் சந்தைக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. வருகிற வாரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, முதலில் அங்கே போய் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். பினாயில் அடித்தால், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு சந்தைக் குழு அலுவலகத்துக்குப் போய், உண்ணும் பொருளில் விஷம் ஊற்றக்கூடாது என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள்.