சுபநேரத்துக்கு நில்லாத செய்மதி

பிள்ளைகளே, அப்பா படித்தது ஓ.எல். சோதனை வரைதான். வானத்தைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் வானத்திலிருந்து வந்த சத்தம் ஒன்று எங்கள் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளால் வெளியே வந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் திருவிழாக்களுக்கும் வெள்ளவத்தைக் கலியாணங்களுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற எனக்கு, பொரளைப் பக்கமிருந்து ஓர் அரச நிறுவனத்தின் ஓடர் வந்தது. எங்கள் நாட்டுப் பிள்ளைகள் பூமியைச் சுற்றிவருகிற சின்னச் செய்மதி ஒன்று செய்து மேலே அனுப்பியிருக்கிறார்கள். பேக்கரியில் வாங்குகிற அரை இறாத்தல் பாண் அளவுதான் இருக்குமாம். அரசாங்கக் காசு எங்கே போகிறது என்று விசாரிக்கிற பாராளுமன்றக் குழு ஒன்று அதைப் பார்க்க வரவிருந்தது. அவர்கள் சரி சொன்னால்தான் கூரைக்குப் புது அன்டெனாவும் அடுத்த செய்மதியும்.

இதை எனக்கு விளக்கியவள் அங்கே வேலை செய்த வெள்ளவத்தைப் பிள்ளை, ஒரு எஞ்சினியர். வெளிநாட்டு வேலை ஒன்று அவளைத் தேடி வந்திருந்தது. அந்தக் கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இவையள் காசை வெட்டினா நான் போறன் அண்ணை. வெறும் கூரையைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. அது மேலால போகேக்க வாற சத்தத்தை உங்கட ஸ்பீக்கரில விடலாமோ?"

"ஒம்பது நாளா தேவாலயத்தில நவநாள் செபம் கேட்ட பெட்டி தங்கச்சி. இதையும் கேக்கும்" என்றேன்.

வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. குழுவை வரவேற்கிற விழாவின் ஒழுங்குகளைப் பார்த்த அதிகாரி, மங்கள விளக்கேற்றுவதற்கு ஒரு சாத்திரியிடம் சுபநேரம் கேட்டு வந்திருந்தார். செய்மதி வருகிற நேரம் அதற்குச் சற்று முந்தி. விளக்கேற்ற முன் எந்த நிகழ்ச்சியும் கிடையாது என்றார்.

"செய்மதியைக் கொஞ்சம் பிந்தி வரச் சொல்லேலாதா?" என்று சிங்களத்தில் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. அந்த மனிதர் எத்தனையோ மந்திரிமாரின் நேரத்தை முன்பின் மாற்றிப் பழகியவர்.

"மந்திரிமார் பிந்தி வருவினம் சேர். இது வராது" என்றாள் அவள்.

அவர் என் பக்கம் திரும்பி, விளக்கேற்றும் வரை ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் வரக்கூடாது என்று கட்டளையிட்டார்.

அன்று குழு வந்தது. தலைவி வயதான அம்மா, வெள்ளைச் சேலை. எல்லாரும் சேவல் வைத்த பித்தளை விளக்கைச் சுற்றி நின்றார்கள். அம்மாவின் கையில் மெழுகுதிரி எரிந்தது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தபடி. சுபநேரத்துக்காக மண்டபமே வாய்மூடி நின்றது.

அந்தப் பிள்ளை ரிசீவருக்கு முன்னால் இருந்தாள். அவளுடைய முகம் மாறியதைக் கண்டேன்.

"வந்திட்டுது. விடுங்கோ அண்ணை."

நான் அதிகாரியைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். சத்தத்தை மெல்ல ஏற்றினேன்.

முதலில் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளே, மிக மெல்லியதாக, பீப்... பீப்பீப்... பீப். பிள்ளைகளே, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காற்றுக்கூட இல்லாத இடத்திலிருந்து, அரை இறாத்தல் பாண் அளவான ஒரு பெட்டி, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கொழும்புக்கு மேலால் போகிறது. கீழே இத்தனை பெரிய மனிதர்கள் மூச்சுவிடாமல் கேட்கிறார்கள்.

அதிகாரி கையை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அம்மா மெழுகுதிரி இல்லாத கையை உயர்த்தி அவரை மறித்தார்.

"எங்கட பிள்ளைகள் செய்ததா?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்தப் பிள்ளை தலையாட்டினாள்.

சுபநேரம் வந்தது. "மெடம், நேரம்..." என்று அதிகாரி முணுமுணுத்தார். அம்மா அசையவில்லை. மெழுகு உருகி அவருடைய விரலில் வடிந்தது. சுபநேரமும் போயிற்று. சத்தம் தேய்ந்து தேய்ந்து இரைச்சலுக்குள் அமிழ்ந்தது. வங்காள விரிகுடாப் பக்கம் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அம்மா விளக்கைக் கொளுத்தினார்.

அதோடு விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கேள்விகள் சுடச்சுட வந்தன. "ஆஸ்பத்திரியில மருந்து இல்லாத நாட்டுக்கு இது என்னத்துக்கு?" என்றார் ஓர் உறுப்பினர். நல்ல கேள்வி. எனக்கும் அது இருந்தது.

அவள் கோபிக்கவில்லை. "வெள்ளம் எங்க நிக்குது, வயல் எங்க காயுது எண்டு பிறத்தியாரிட்டத்தான் படம் கேக்கிறம் சேர். தாற நேரம் தருவினம். நாங்களே பாக்கப் பழக வேணும். இது அதுக்கு முதல் படி" என்று சிங்களத்தில் சொன்னாள்.

அம்மா முடிவைச் சொன்னார். அன்டெனாவுக்கு இந்த முறையே பணம். அடுத்த செய்மதிக்கு இப்போது இல்லை; ஒவ்வொரு செலவுக்கும் காரணத்தோடு குழுவின் முன் வர வேண்டும். "வரும்போது இப்படியே பதில் சொல்லுங்க. தப்பவிட மாட்டேன்" என்றார். கண்டிப்பான குரல். ஆனாலும் போகும்போது ஒரு தரம் முகட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை வந்து நின்றாள்.

"அரைவாசிதான் கிடைச்சிருக்கு" என்றேன்.

"ஓம் அண்ணை. ஆனா கேள்வி கேக்க ஆள் இருக்கு. நான் வெளிநாடு போகேல்ல, இஞ்சயே நிக்கிறன்."

அவள் கூரைக்கு ஏறிப் போனாள். பெட்டிகளை வான் வண்டிக்குள் ஏற்றிப் பின்கதவைச் சாத்தப் போனவன் நின்றேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை. தேவாலயத்தில் புனிதரின் சுரூபத்தைத் தொடுகிற மாதிரி, ஸ்பீக்கரின் வலையை விரல் நுனியால் தொட்டு, அந்த விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டேன்.