பாட்டு இல்லாத ஜீப்

மகளின் வீடியோவைப் பள்ளிச் சேனல் ஏற்கவில்லை என்று டீச்சர் போனில் சொன்னபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது ஏலப்பூ படத்தைத்தான்.

அவள் ஐந்தாம் வகுப்பு. மலையில் விளையும் ஏலக்காய் எங்கள் ஊர் போடிக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை அவள் குரலில் சொல்லும் சின்ன வீடியோ அது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் திரையிட வேண்டும். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இணையத்தில் கிடைப்பதை அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது. படமோ ஒலியோ, பயன்படுத்த உரிமம் இருந்தால்தான் சேனலில் ஏற்றுவார். இல்லையென்றால் மகளின் முறை போய்விடும்.

நான் முறையாகத்தான் தேடினேன். ‘இலவசம்’ என்று போட்டிருந்தாலே எடுத்துக்கொள்ளலாம் என்பதில்லை என்று இரண்டொரு நாளில் புரிந்துவிட்டது. சில படங்களுக்கு எடுத்தவர் பெயரைச் சொன்னால் போதும். சிலவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. சிலவற்றில் துளியும் மாற்றம் செய்யக்கூடாது. ஒரு நல்ல ஏலப்பூ படத்தை ஓரம் வெட்டிச் சேர்த்த பிறகுதான் அதன் அடியில் ‘மாற்றம் கூடாது’ என்று இருந்ததைப் பார்த்தேன். உடனே எடுத்துவிட்டு வேறு படம் வைத்தேன். அதற்கும் பயந்து உரிமப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான்.

மழைக்கும் குருவிக்கும் பொது உரிமத்தோடு நல்ல ஒலிகள் கிடைத்தன. ஜீப்புக்குத்தான் கிடைக்கவில்லை. ஒன்று கிடைத்தது, மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “இது கல்யாணத்துக்குப் போற காரும்மா.”

எங்கள் தெருமுனையில்தான் தினமும் விடியலில் தோட்டத்துக்குப் போகும் ஜீப் நிற்கும். தூக்குச்சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். மாடியிலிருந்து போனில் பதிவு செய்தேன். சொந்தப் பதிவு, யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை.

“படமெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா” என்றார் டீச்சர் போனில். “பின்னாடி ஒரு சினிமாப் பாட்டு ஓடுது. அதுக்குத்தான் தடை வந்திருக்கு.”

“பாட்டே போடலையே டீச்சர்.”

“ஜீப்பு வர்ற இடத்தைக் கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். முழுப் பல்லவியும் தெளிவாக இருந்தது. எங்கள் ஊரில் பாட்டு போடாத தோட்டத்து ஜீப் கிடையாது. தினமும் அதைக் கேட்டே எழுந்த என் காதுக்குப் பாட்டும் இன்ஜினும் ஒரே சத்தமாகிவிட்டிருந்தது. பதிவு என்னுடையது, அதற்குள் இருந்த பாட்டு என்னுடையது இல்லை.

மறுநாள் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். டிரைவரிடம் எப்படிக் கேட்பது என்று வாசலிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“அண்ணே, வண்டி கெளம்புறப்ப கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்துவீங்களா? பிள்ளையோட ஸ்கூல் வீடியோவுக்கு ஜீப்புச் சத்தம் மட்டும் வேணும்.”

“பாட்ட நிறுத்துனா வண்டி மேட்டுல ஏறாதே தாயி.”

“வண்டி ஏறிரும்,” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா. “இவுகதான் தூங்கிருவாக.”

ஜீப்பே சிரித்தது. டிரைவர் பாட்டை நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. பதிவில் இவர்கள் பேச்சும் விழும், அது இவர்களுடையது. போனைக் கீழே இறக்கினேன்.

“அக்கா, உங்க பேச்சும் சேந்து பதிவாகும். ஊரே கேக்கும். உங்களுக்குச் சம்மதமா?”

“மாமியாளப் பத்திப் பேசுனா அத மட்டும் வெட்டிரு ஆத்தா.”

“அப்ப மிச்சம் என்ன இருக்கும்?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“நல்லாப் புடிச்சுக்க. வெரசாப் புடி, சோலிக்கு நேரமாச்சு.” முதல் அக்காவே முடித்து வைத்தார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மகள்தான் போனைப் பிடித்தாள். கதவு அடைபடும் சத்தம், தூக்குச்சட்டிகள் இடிபடுவது, யாரோ “தள்ளி உக்காரு” என்பது, கியர் கரகரத்து வண்டி நகர்வது. முனை திரும்பியதும் பாட்டு மறுபடி எழுந்தது. அதற்குள் அவள் பதிவை நிறுத்தியிருந்தாள்.

அன்று மாலையே டீச்சர் வீடியோவை ஏற்றினார். தடை எதுவும் வரவில்லை. சனிக்கிழமை திரையில் ஜீப் கிளம்பியபோது பெற்றோர் வரிசையில் சிரிப்பு எழுந்தது. யாருடைய குரல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் படம் எடுத்தவர்கள், மழையைப் பதிவு செய்தவர் என்று எல்லாப் பெயர்களும் வந்தன. ஒரு பெயரும் விடுபடவில்லை என்பதை நான் மட்டும் உதடசைத்துச் சரிபார்த்தேன்.

மழை ஒலியை எடுத்த தளத்திலேயே இந்த ஒலியையும் சேர்க்கலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை அந்த அக்காக்களிடம் அதற்கும் சம்மதம் வாங்கிக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற கட்டத்தில் குறியிட்டேன். விவரம் எழுதும் இடத்தில் மகள் சொல்லச் சொல்லத் தட்டினேன்: ‘போடி. காலை. தோட்டத்துக்குப் போகும் ஜீப். பாட்டு இல்லை.’

அனுப்பும் முன் இன்னொரு முறை முழுவதும் கேட்டேன். பாட்டு இல்லைதான்.